'தாயகம் திரும்பியோர்' என்ற சொல் எங்களுக்குப் பொருந்துமா?

கேள்வி: கோத்தகிரிப் பேத்தி

என் பாட்டி இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, 1970களில் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில வாரங்கள் தங்கிவிட்டு நீலகிரிக்கு வந்தவர். அரசு ஆவணங்களில் அவர் 'தாயகம் திரும்பியோர்' வகையைச் சேர்ந்தவர். அதற்கு முன் அவர் இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வந்தே இராத இடத்துக்கு ஒருவர் எப்படித் திரும்புவார்? அங்கே இருந்தவரை 'இந்தியத் தமிழர்' என்று பதிந்தார்கள். இங்கே வந்ததும் 'சிலோன்காரங்க' என்றார்கள். என்னிடம் யாராவது சொந்த ஊரைக் கேட்டால், கொள்ளுத்தாத்தா புறப்பட்டதாகச் சொல்லப்படும் துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தைச் சொல்வதா, பாட்டியின் தோட்டத்தைச் சொல்வதா, நான் பிறந்த கோத்தகிரியைச் சொல்வதா?

பதில் 1: அட்டன் ஆசிரியர்

தங்கைக்கு, நீங்கள் கேட்டது இங்கே இலங்கையில் தங்கிவிட்ட எங்களுக்கும் உள்ள கேள்விதான். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் எங்களைத் தனியே 'இந்தியத் தமிழர்' என்று எண்ணத் தொடங்கினார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று ஒரே லயத்துக் குடும்பங்கள் பிரிந்தது அந்தக் கணக்கினால்தான்.

இலங்கை மலைநாட்டைச் சுட்டும் 'மலையகத் தமிழர்' என்ற பெயரோ எங்கள் படித்த இளைஞர்களும் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் பேசிப் பேசி நிலைக்கச் செய்தது. கோப்பித் தோட்டத் தொடக்கமான 1823இலிருந்து இருநூறு ஆண்டுகளை எண்ணி, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். அந்தப் பயணம் தமிழகத்துக் கிராமம் எதிலும் தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தோட்ட வேலைக்காகக் காட்டுவழி நடந்து வந்து, வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்களின் பாதைதான் எங்கள் தொடக்கம் என்று நாங்களே வைத்துக்கொண்டோம். அந்த வகையில் உங்கள் பாட்டி தாயகத்தை விட்டுப் போனவர், திரும்பியவர் அல்லர்.

பதில் 2: கூடலூர்க்காரன்

ஆசிரியர் ஐயா சொல்வது மனத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தொடக்கத்தை நாமே வைத்துக்கொள்ளும் வசதி இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு வாய்க்கவில்லை. என் மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நடந்தபோது, தாத்தாவின் பூர்வீகக் கிராமத்திலிருந்து ஆதாரம் கொண்டுவரச் சொன்னார்கள். மூன்று தலைமுறைக்கு முன், தோட்டத்துக்கு ஆள் திரட்டிய கங்காணியின் பின்னால் போனவருக்கு அங்கே நிலமும் இல்லை, வீடும் இல்லை, பெயர் சொல்லும் உறவும் இல்லை. குடும்ப அட்டையில் எவரோ ஓர் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரைத் தேடிப் போனால், அந்த வட்டத்தில் அதே பெயரில் இரண்டு ஊர்கள் இருந்தன. (இரண்டிலும் தேநீர் கொடுத்து உபசரித்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.) ஆகவே படிவத்தில் அவர்கள் கேட்கும் ஊரை எழுதிவிடுங்கள், தங்கச்சி. 'திரும்பியோர்' என்ற சொல் பொய்யாகவே இருந்தாலும், எங்களுக்கு இங்கே வேலையும் வீடும் தந்தது அந்தச் சொல்தான்.

கேள்வியாளரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. அண்ணன் சொன்னபடி படிவத்தில் கிராமத்தின் பெயரையே எழுதிவிட்டேன். நேற்றிரவு பாட்டியிடமும் கேட்டேன். அவர் நாட்டின் பெயரையும் சொல்லவில்லை, மாவட்டத்தின் பெயரையும் சொல்லவில்லை. "ஏழாம் நம்பர் மலை" என்றார். தோட்டத்தில் அவர் முதன்முதலாகக் கூடை கட்டிக்கொண்டு போன மலையாம். அங்கிருந்து பார்த்தால் லயத்துக் கூரையும் மாரியம்மன் கோயில் மணியும் தெரியும் என்று கையை நீட்டிக் காட்டினார். கை நீண்ட திசையில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவர்தான் இருந்தது.