லேப்டாப்ல வைஃபை மேக் அட்ரஸ் மாத்துறது: ஹாஸ்டல்ல கனெக்ட் ஆக மாட்டேங்குது, என்ன பண்றது?

கார்முகில்:
வணக்கம் எல்லாருக்கும். உபுண்டு ஓஎஸ் போட்ட லேப்டாப், ஹாஸ்டல் லைப்ரரி காபி ஷாப்னு மூணு வைஃபைல மாறி மாறி வேலை பாக்குறேன். ஃபோன்ல ஆண்ட்ராய்டு 10லேர்ந்தே மேக் அட்ரஸ் (MAC, வைஃபை கார்டோட அடையாள எண்) ஒவ்வொரு வைஃபைக்கும் வேற வேறயா மாறிக்குது, லேப்டாப்ல மட்டும் எங்க போனாலும் அதே அட்ரஸ். அட்ரஸ மாத்துற மேக்சேஞ்சர்ங்கிற ப்ரோக்ராம் போட்டு மாத்துனேன், ஹாஸ்டல் வைஃபை சேத்துக்கவே இல்ல, அங்க அட்ரஸ பதிஞ்சு வச்சுத்தான் விடுறாங்க. வேற வழி இருக்கா? இதனால நிஜமாவே பிரயோஜனம் உண்டா?

மணி_சேலம்:
உண்டு ப்ரோ. அட்ரஸ்ல மொத்தம் 48 பிட், முன்பாதி கார்டு செஞ்ச கம்பெனியோடது, பின்பாதி உங்க கார்டுக்குன்னே குடுத்தது. வைஃபை பாஸ்வேர்டு எவ்ளோ ஸ்ட்ராங்கா வச்சாலும் இந்த அட்ரஸ் மட்டும் காத்துல திறந்தபடிதான் போகும், பக்கத்துல ரிசீவர் வச்சிருக்க யார் வேணா எடுத்துக்கலாம், எங்க போனாலும் அதே அட்ரஸ்னா அத வச்சு உங்கள பின்தொடரலாம். 2013ல லண்டன்ல ரோட்டோர குப்பைத்தொட்டிக்குள்ள கருவி வச்சு நடந்து போறவங்க ஃபோனோட அட்ரஸ எடுத்தாங்க, விஷயம் வெளிய வந்ததும் அங்க நிர்வாகம் நிறுத்தச் சொல்லிருச்சு. அதுக்கு அடுத்த வருஷம்தான் ஐஃபோனோட ஐஓஎஸ் 8ல, வைஃபை தேடுறப்போ பொய் அட்ரஸ் காட்டுற வசதி வந்துச்சு.

தேன்மொழி:
மேக்சேஞ்சர் வேணாம் தம்பி. வைஃபை செட்டிங்ஸ்ல அந்தந்த நெட்வொர்க் பக்கத்துல இருக்க சக்கரத்தத் தட்டி ஐடென்டிட்டி டேப் போங்க, க்ளோன்டு அட்ரஸ்னு ஒரு இடம் இருக்கும். ஹாஸ்டலுக்கு பெர்மனென்ட் வைங்க, அதான் கார்டோட ஒரிஜினல் அட்ரஸ். லைப்ரரிக்கும் காபி ஷாப்புக்கும் ஸ்டேபிள் வைங்க, ராண்டம் வேணாம், ராண்டம்னா ஒவ்வொரு தடவையும் புது ஆளா நினைச்சு திரும்பத் திரும்ப லாகின் கேக்கும். ஸ்டேபிள்ல ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு தனி அட்ரஸ், அதே இடத்துக்குத் திரும்பப் போனா அதே அட்ரஸ், ஆனா ரெண்டு இடத்துக்காரங்க லிஸ்ட்ட ஒப்பிட்டுப் பாத்தாலும் அட்ரஸ வச்சு ரெண்டும் ஒரே லேப்டாப்னு கண்டுபிடிக்க முடியாது. மாறுச்சான்னு பாக்க அட்ரஸோட ரெண்டாவது எழுத்தப் பாருங்க, 2, 6, A, E இதுல ஒண்ணு இருந்தா அது கம்பெனி குடுத்தது இல்ல.

நெட்_ராஜா:
அக்கா சொன்னது சரி. ரெண்டு விஷயம் சேத்துக்கோங்க. மேக் அட்ரஸ் ரவுட்டரத் தாண்டிப் போகாது, வெப்சைட்காரன் உங்கள அடையாளம் கண்டுபிடிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அப்புறம் லேப்டாப் பேரு, ரவுட்டர்கிட்ட ஐபி (நெட்வொர்க்ல பேசுறதுக்கு ரவுட்டர் குடுக்குற எண்) கேக்குறப்போ அதையும் சேத்து அனுப்பும், அட்ரஸ எத்தன தடவ மாத்தினாலும் பேரு அதேதான்னா என்ன பிரயோஜனம்.

கார்முகில்:
ஐயோ ஆமா ராஜா அண்ணா! ஃபோன் ஹாட்ஸ்பாட்ட ஆன் பண்ணி கனெக்டட் லிஸ்ட் பாத்தேன், அட்ரஸ் புதுசு, ரெண்டாவது எழுத்து A, ஆனா பக்கத்துலயே என் முழுப்பேரும் அதோட லேப்டாப்னும் நிக்குது, இன்ஸ்டால் பண்ணும்போது அதுவா வச்சது. செட்டிங்ஸ் அபௌட்ல போய் மாத்திட்டேன். ஹாஸ்டல் பெர்மனென்ட்ல கனெக்ட் ஆயிருச்சு, ரொம்ப நன்றிக்கா. லைப்ரரில நாளைக்குப் பாத்துட்டு சொல்றேன்.