காலையில் மட்டும் வரும் ‘டிக் டிக்’: பழைய வண்டிக்காரர்களே, உங்கள் அனுபவம் என்ன?

கரூர், மாருதி 800 (1998)

அப்பா வாங்கிய வண்டி. கார்புரேட்டர் மாடல். அவர் போன பிறகு விற்க மனம் வரவில்லை, நான்தான் ஓட்டுகிறேன். போன மார்கழியில் ஒருநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள்ளிருந்து தையல் மிஷின் ஓடுவதுபோல ‘டிக் டிக் டிக்’ என்று சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே வேகமெடுக்கும். ஏழெட்டு நிமிடம் ஓடினால் தானாகவே அடங்கிவிடும். மறுநாள் காலை மறுபடியும் வரும்.

முதலில் போன பட்டறையில் சத்தத்தைக் கேட்டவுடனே “டேப்பட் அடிக்குது” என்றார்கள். அதாவது, வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி கூடிப்போய்த் தட்டுகிறதாம். ஹெட் கவரைக் கழற்றி ஆறு வால்வையும் செட் செய்தார்கள். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை எடுக்கவே இல்லை. கையால் ஆட்டிப் பார்த்தபடியே திருகினார் அந்த மெக்கானிக். வயதில் மூத்தவர், தெரியாமலா செய்வார் என்று நானும் கேட்காமல் நின்றேன். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை அதே சத்தம். திரும்பப் போனேன், இன்னும் கொஞ்சம் இறுக்கினார். சத்தம் போகவில்லை. புதிதாக ஐட்லிங்கில் நடுக்கம் வந்தது. ஒரே செல்ஃபில் எடுக்கும் வண்டி மூன்று நான்கு முறை இழுத்தது.

இன்னொரு இடத்தில் கெட்டியான ஆயில் போடச் சொன்னார்கள். 20டபிள்யூ-50 ஊற்றினேன், ஒரு வித்தியாசமும் இல்லை. மூன்றாவது இடத்தில் இன்ஜினை இறக்கி வேலை பார்க்க வேண்டும், முப்பதாயிரம் ஆகும் என்றார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

கடைசியாக தாந்தோணிமலைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. அங்கிருந்த பெரியவர் ஸ்டார்ட் செய்யவே விடவில்லை. “சாயங்காலம் விட்டுட்டுப் போங்க தம்பி. ராத்திரி முழுக்க ஆறட்டும். காலையில ஆறு மணிக்கு வாங்க, சேர்ந்தே கேப்போம்” என்றார். மூன்று பட்டறையிலும் நான் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்த்தான் காட்டியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கே போய்ச் சேர்வதற்குள் சத்தம் பாதி செத்திருக்கும்!

மறுநாள் காலை நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஹெட் கவர் மேல் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டார். தலையாட்டினார். பிறகு ஒரு முழ நீள ரப்பர் ஹோஸை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை, புகையை ஹெட்டிலிருந்து சைலன்சருக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தில் மெதுவாக நகர்த்தினார். ஓர் இடத்தில் நிறுத்தி ஹோஸை என்னிடம் கொடுத்தார். வெளியே ‘டிக்’ என்று கேட்டது குழாய்க்குள் ‘புஸ் புஸ்’ என்று கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் பேக்கிங் ஓரத்தில் கரி படிந்திருந்தது. மேனிஃபோல்டை இறுக்கிப் பிடிக்கும் ஓரத்து ஸ்டட் (மரையாணி) ஒன்று ஹெட்டோடு ஒடிந்து கிடந்தது.

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு சுற்று. ஒரு வால்வு தட்டுவதும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, ஒரு சிலிண்டரின் புகை வெளியேறுவதும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. இரண்டுக்கும் தாளம் ஒன்றுதான். அதனால்தான் மேனிஃபோல்டு லீக்கை டேப்பட் என்று நினைத்து ஏமாறுகிறோம். வித்தியாசம் சூட்டில்தான் தெரியும். இந்த இன்ஜினில் டேப்பட் இடைவெளி ஆறியிருக்கும்போது 0.15 மில்லிமீட்டர் வாக்கில் இருந்தால், சூட்டில் 0.25 வரை கூடும். அப்படியானால் டேப்பட் சத்தம் சூட்டில் மறைய வழியில்லை. மேனிஃபோல்டு அப்படியல்ல. சூடாகி விரியும்போது இடுக்கை அதுவே அடைத்துக்கொள்ளும், சத்தம் நின்றுவிடும்.

ஒடிந்த ஸ்டட்டின் மேல் நட்டு வைத்து வெல்டு அடித்துத் திருகி எடுத்தார். புது ஸ்டட், புது பேக்கிங். அதன் பிறகு ஹெட் கவரைத் திறந்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தார். எக்ஸாஸ்ட் வால்வு இரண்டில் கேஜ் நுழையவே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. வால்வு தன் சூட்டை சீட்டில் (அது மூடி அமரும் வளையத்தில்) உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்கு இறக்கும். இடைவெளியே இல்லாவிட்டால் முழுதாக உட்காராது, நெருப்புக் காற்று ஓரத்தை அரித்துவிடும். ஆறு வால்வையும் ஒழுங்காக செட் செய்து கொடுத்தார். மொத்தம் 1,800 ரூபாய்.

உங்கள் வண்டியில் இப்படிச் சத்தம் வந்து, கடைசியில் என்னவாக இருந்தது என்று எழுதுங்கள்.

தஞ்சாவூர், புல்லட் 350 (1992)

அண்ணா, புல்லட்டில் இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். டேப்பட் சத்தம் பிடிக்காமல், சூடான வண்டியை நிறுத்தி உடனே இறுக்கினேன். சத்தம் போனது. மறுநாள் காலை கிக்கரை மிதித்தால் கம்ப்ரஷனே (சிலிண்டருக்குள் காற்று இறுகும் அழுத்தமே) இல்லை. கால் சும்மா இறங்கியது. பழைய இரும்பு பேரல் இன்ஜினில் வண்டி நன்றாக ஆறிய பிறகுதான் டேப்பட் தொட வேண்டும். பிஸ்டனை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்து, ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ் ராடை இரண்டு விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. லேசான டிக் டிக் அந்த இன்ஜினுக்கு இருக்கத்தான் செய்யும். பின்னால் வந்த யுசிஇ இன்ஜினில், ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் என்பதால் இந்த வேலையே கிடையாது.

கோயம்புத்தூர், ஆம்னி வேன்

நான் சொல்லப்போவது தலைகீழ்க் கதை. ஸ்கூல் டிரிப் அடிக்கிறேன், வண்டி கேஸில் ஓடுகிறது. பெட்ரோலில் ஓடிய காலத்தில் டேப்பட் மெல்லிசாகத் தட்டிக்கொண்டே இருக்கும். கேஸுக்கு மாறி ஒன்றரை வருடத்தில் அந்தச் சத்தம் படிப்படியாகக் குறைந்து நின்றேபோனது. சந்தோஷப்பட்டேன்! ஆனால் காலையில் ஸ்டார்ட்டிங் கஷ்டம், மேட்டில் ஏறும்போது இழுவை இல்லை. கார்புரேட்டர், பிளக், காயில் என்று ஒவ்வொன்றாக மாற்றினேன்.

ஹெட் பிரித்த பிறகுதான் தெரிந்தது. கேஸ் உலர்ந்த எரிபொருள். அதில் ஓடினால் வால்வு சீட் சீக்கிரம் தேயும். சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் ஏறும், அதன் தண்டு மேலே வரும், ராக்கரோடு இருந்த இடைவெளி மூடும். தட்டுவதற்கு இடமில்லாமல்தான் சத்தம் நின்றிருக்கிறது. புது சீட் அடித்து, வால்வு மாற்றி, கிரைண்டிங் செய்தேன். ஒரு மாத வருமானம் போனது. கேஸில் ஓட்டும் அண்ணன் தம்பிகள் தயவுசெய்து சத்தம் வரும்வரை காத்திருக்காதீர்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள்.

மதுரை, ஹைட்ராலிக் டேப்பட் உள்ள பழைய செடான்

எனக்கு வண்டி எடுத்த முதல் பத்து விநாடி மட்டும் வரும். காரணம் ஆயில் ஃபில்டர். விலை குறைவு என்று வேறு ஒன்றைப் போட்டிருந்தேன். நல்ல ஃபில்டருக்குள் ஆயில் திரும்ப இறங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வு இருக்கும், இதில் அது சரியில்லை. இரவில் ஆயில் முழுக்க இன்ஜின் அடியிலுள்ள சேம்பருக்கு இறங்கிவிட, காலையில் டேப்பட்டுக்கு ஆயில் ஏறும்வரை தட்டியிருக்கிறது. ஃபில்டரை மாற்றினேன், அவ்வளவுதான். எதையும் பிரிக்கும் முன் ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள் என்பேன். ஒரு லிட்டர் குறைந்தாலே சில வண்டி தட்டும்.

யாழ்ப்பாணம், மொரிஸ் மைனர்

கரூர் அண்ணை எழுதினதை வாசிக்க எங்கட அப்பாவின்ர ஞாபகம் வந்திட்டுது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம் இஞ்ச பெற்றோல் இல்லை. சின்னப் போத்தலில் வைச்சிருக்கிற துளிப் பெற்றோலை காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயிலதான் ஓடுறது. கார் எல்லாம் புகையும் சத்தமும்தான். அந்தச் சத்தத்தை வகை பிரிச்சுச் சொல்ல அப்பாவுக்குத் தெரியும்.

பாரம் ஏத்தி இழுக்கேக்க மட்டும் கிலுகிலுவெண்டு தட்டினால் அது மண்ணெண்ணெயின்ர குணம். ஒக்ரேன் குறைவு, நேரத்துக்கு முதலே வெடிக்கும். டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி, பிளக்கில தீப்பொறி வாற நேரத்தைப் பிந்த வைப்பார். நிக்கேக்கையும் ஒரே சீராத் தட்டினால் டப்பெட். கீழ இருந்து தடிச்ச சத்தமா ‘டொக் டொக்’ எண்டு வந்தால் உடனே நிப்பாட்டச் சொல்லுவார். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரால இறங்கி எஞ்சின் ஒயிலோட கலந்து, ஒயில் தண்ணிமாதிரி ஆகி, பெயாரிங் போற சத்தம் அது. ஒவ்வொரு நாளும் டிப் ஸ்ரிக்கை இழுத்து மணந்து பாப்பார். அளவு குறையாமல் கூடியிருந்தால்தான் அவருக்குப் பயம்.

டப்பெட் வைக்கிறதுக்கு எனக்குச் சொல்லித்தந்தது ஒன்பதுக் கணக்கு. மொரிஸில எட்டு வால்வு. எது முழுக்கத் திறந்து நிக்குதோ அந்த இலக்கத்தை ஒன்பதில கழிச்சால் எந்த வால்வை வைக்க வேணும் எண்டு வரும். ஒண்டு திறந்திருந்தால் எட்டு, மூண்டு திறந்திருந்தால் ஆறு. இடைவெளி 12 தௌ, அதாவது ஒரு அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்சு அதில பன்னிரண்டு பங்கு. ஏழு வயசில அப்பா இலக்கத்தைச் சொல்ல நான் கழிச்சுச் சொல்லுவன். கார் இன்னும் நிக்குது, அதே கேஜாலதான் இப்பவும் வைக்கிறன்.

அண்ணை, உங்கட அந்த இறுகின ரெண்டு வால்வும் எரிஞ்சு போகேல்லையே? கம்பிரஷன் பாத்தனீங்களோ?

கரூர், மாருதி 800 (1998)

யாழ்ப்பாணத்துத் தம்பி, நீங்கள் கேட்ட பிறகுதான் அந்த வேலை பாக்கியிருப்பது உறைத்தது. நேற்றுப் போய்ப் பார்த்தோம். முதல் இரண்டு சிலிண்டரும் சமமாக இருக்கின்றன. மூன்றாவதில் கொஞ்சம் குறைவு. பிளக் துவாரம் வழியே சிறிது ஆயில் விட்டு மறுபடி பார்த்தார் பெரியவர். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் விட்டதும் அளவு ஏறுமாம். ஏறவில்லை. அப்படியென்றால் வால்வுதான். இப்போதே ஹெட் பிரிக்க வேண்டிய அளவு இல்லை, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள், இன்னும் இறங்கியிருந்தால் அந்த ஒரு வால்வை மட்டும் மாற்றி கிரைண்டிங் போட்டுக்கொள்ளலாம் என்றார். ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். இன்று காலை ஒரே செல்ஃபில் எடுத்தது. டிக் சத்தம் இல்லை. ஹெட் கவரில் காதை வைத்தால் மட்டும் மெதுவாகத் தட்டுவது கேட்கிறது.