வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருக்கும்போது நிண்டெண்டோ ஸ்விட்சும் வாங்கலாமா?

சிங்காநல்லூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு கேம் கன்சோல் (வீடியோ கேம் ஆடும் கருவி) இருக்கையில் இரண்டாவதாக ஒன்று வாங்குவது தேவையா, வெறும் ஆசையா என்று இரண்டு மாதங்களாக எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் வைத்துப் புழங்கியவர்கள் இங்கே பலர் இருப்பதால் கேட்கிறேன்.

2022-இல் டிஸ்க் போடக்கூடிய பிளேஸ்டேஷன் 5 வாங்கினேன். அது ஹாலில் இருக்கும் டிவியோடு இணைந்திருக்கிறது. எங்கள் வீட்டில் டிவி அது ஒன்றுதான். மாலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை அம்மாவின் தொடர்கள், அதன் பிறகு மனைவி பார்க்கும் செய்தி என்று போய், கன்ட்ரோலர் என் கைக்கு வரும்போது மணி பத்தரை ஆகிவிடும். பதினொன்றரைக்கெல்லாம் கண் செருகத் தொடங்கிவிடுகிறது. அலமாரியில் இருக்கும் பதினோரு டிஸ்குகளில் இதுவரை முழுவதும் ஆடி முடித்தவை நான்கு. ஒன்பது வயது மகளுக்குச் சனி, ஞாயிறு காலைகளில் மட்டும் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. என்னிடம் உள்ள ஆட்டங்களில் அவளுக்குப் பெரிய ஈடுபாடும் வரவில்லை.

கோடை விடுமுறையில் என் அண்ணன் வீட்டில் அவள் நிண்டெண்டோ ஸ்விட்சில் (சொந்தத் திரை உள்ள, கையில் வைத்தும் ஆடக்கூடிய கன்சோல்) மரியோ கார்ட் என்ற கார் பந்தய ஆட்டம் ஆடிவிட்டு வந்தாள். அன்று முதல் வாரத்துக்கு இரண்டு முறையாவது அந்தப் பேச்சு வந்துவிடுகிறது. காந்திபுரத்தில் ஒரு கடையில் விசாரித்தபோது மேம்பட்ட திரை கொண்ட ஸ்விட்ச் ஓலெட் 31,000 ரூபாய் என்றும், அடுத்த தலைமுறையான ஸ்விட்ச் 2 51,000 ரூபாய் என்றும் சொன்னார்கள். இரண்டுமே இறக்குமதிச் சரக்கு. கடைக்காரர் தரும் ஆறு மாத வாரண்டி மட்டுமே உண்டு. பணம் புரட்ட முடியாத நிலையில் நான் இல்லை என்றாலும், ஏற்கெனவே இருப்பதையே முழுதாகப் பயன்படுத்தாதவன் இன்னொன்றை வாங்கி அதையும் தூசி படிய விடுவேனோ என்பதுதான் என் தயக்கம்.

மழைக்குருவி:

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். உங்களுக்குக் குறைவாக இருப்பது கன்சோல் இல்லை, டிவி. இதைப் பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போனால் பத்தாயிரம் ரூபாயில் தீரும் பிரச்சினைக்கு ஐம்பதாயிரம் செலவழித்துவிட்டுத் திரும்புவீர்கள்.

முதலில் காசு செலவில்லாத வழி ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். பிளேஸ்டேஷனின் ரிமோட் பிளே செயலியைக் கைபேசியிலோ மடிக்கணினியிலோ நிறுவி, உங்கள் கன்ட்ரோலரை அதனுடன் இணைத்தால், டிவியில் அம்மா தொடர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் படுக்கையறையில் ஆடலாம். ரவுட்டரிலிருந்து பிளேஸ்டேஷனுக்கு வைஃபை இல்லாமல் லேன் கேபிள் இழுத்துவிடுவது நல்லது. பாதித் தடுமாற்றம் அதிலேயே தீர்ந்துவிடும். இந்த வேலைக்கென்றே சோனி 8 அங்குலத் திரையுடன் விற்கும் பிளேஸ்டேஷன் போர்ட்டல் 2024 செப்டம்பரில் 18,990 ரூபாய்க்கு இந்தியாவில் வெளியானது. ஆனால் கைபேசியில் சோதித்து உங்கள் வீட்டு வைஃபை தாங்குகிறது என்று தெரிந்த பிறகே அதைப் பற்றி யோசிக்கவேண்டும்.

இரண்டாவது வழி, என் வீட்டில் நான் செய்தது. 24 அங்குலக் கணினி மானிட்டர் ஒன்றை வாங்கி என் மேசையில் வைத்துக்கொண்டேன். பிளேஸ்டேஷன் 5 சாதாரண 1080பி மானிட்டரிலும் ஓடும். 2022 செப்டம்பரில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு இன்னும் தெளிவான 1440பி மானிட்டரையும் ஏற்றுக்கொள்கிறது. மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லையே என்று பலர் கவலைப்படுகிறார்கள். கன்ட்ரோலரின் அடிப்பக்கத்தில் இருக்கும் சிறு துளையில் கைபேசிக்குப் போடும் வயர் இயர்போனைச் செருகினாலே ஒலி வந்துவிடும். இரவில் வீட்டில் மற்றவர்களுக்கும் தொந்தரவு இருக்காது.

மகளுக்கு ஈடுபாடு வரவில்லை என்கிறீர்கள். அவளுக்கென்று ஏதாவது வாங்கிக் கொடுத்தீர்களா? சாக்பாய் எ பிக் அட்வெஞ்சர் என்ற ஆட்டத்தை ஒரே வீட்டில் நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம். ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் உங்கள் கன்சோலுடனேயே இலவசமாக வந்திருக்கிறது. இட் டேக்ஸ் டூ இருவர் சேர்ந்து மட்டுமே ஆட முடிந்த ஆட்டம். தந்தையும் மகளும் உட்கார அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறு இல்லை. இரண்டாவது கன்ட்ரோலர் ஒன்று வாங்கினால் போதும்.

தேக்காவாசி:

சகோதரருக்கு வணக்கம். மேலே நண்பர் சொன்ன கணக்கு உங்களுக்குச் சரி. உங்கள் மகளுக்குச் சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நான் சிங்கப்பூரில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன், எங்கள் வீட்டில் இரண்டு கன்சோல்களும் இருக்கின்றன. பிளேஸ்டேஷனைக் கணவர் பயன்படுத்துகிறார், ஸ்விட்சைத்தான் குடும்பம் பயன்படுத்துகிறது.

மரியோ, செல்டா போன்ற நிண்டெண்டோவின் சொந்த ஆட்டங்கள் பிளேஸ்டேஷனுக்கு வருவதில்லை; நாளை வந்துவிடும் என்று காத்திருப்பதும் வீண். இதைவிட முக்கியமானது அதை ஆடும் விதம். ஸ்விட்சின் இரு பக்கமும் இருக்கும் ஜாய்-கான் என்ற சிறு கன்ட்ரோலர்களைக் கழற்றினால் ஆளுக்கு ஒன்றாக இருவர் உடனே ஆடத் தொடங்கலாம், இரண்டாவது கன்ட்ரோலருக்குத் தனிச் செலவு இல்லை. 2017-இல் வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸில் சிறு பிள்ளைகளுக்கென்று ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கிவிட்டால் வண்டி பாதையை விட்டு வெளியே போகாமல் அதுவே திருப்பிக்கொள்ளும். என் இளையவன் ஐந்து வயதில் திரையைப் பார்க்காமல் ஜாய்-கானை மட்டும் பார்த்துக்கொண்டே ஓட்டி எட்டாவது இடத்தில் வந்துவிட்டு, தன் தாத்தாவை முந்திவிட்டதாக ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தான். (தாத்தாவிடம் அந்த அமைப்பை நாங்கள் சொல்லவில்லை.) அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்தால் நால்வர் ஒரே திரையில் ஆடலாம், இணையம் தேவையில்லை, சந்தாவும் தேவையில்லை.

ஸ்விட்ச் 2 வாங்குவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. 2025 ஜூன் 5-ஆம் தேதி அது வெளிவந்தபோது ஜப்பானில் மட்டும் இரண்டு வகையாக விற்றார்கள்: பல மொழிகள் உள்ளது 69,980 யென், ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென். மலிவான வகையில் மெனுவை ஆங்கிலத்துக்கு மாற்ற முடியாது. ஜப்பான் நாட்டுக் கணக்கை மட்டுமே அது ஏற்கும். யாராவது நம்ப முடியாத விலை சொன்னால், பெட்டியைத் திறக்கும் முன்பே அது எந்த வகை என்று கேளுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஓலெட் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து.

திருகாணி:

இருவரும் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது: இந்தியாவில் நிண்டெண்டோவின் அதிகாரபூர்வ விற்பனை இல்லை. 2017-இல் முதல் ஸ்விட்ச் வந்த நாளிலிருந்தே நிலைமை இதுதான். அதனால் இங்கே ஸ்விட்ச் வாங்குவது என்பது பொருளோடு சேர்த்து அதைப் பழுதுபார்க்கும் பொறுப்பையும் வாங்குவதாகும்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு கடையில் ஸ்விட்ச் வாங்கினேன். கடைக்காரர், ‘இது அமெரிக்க மாடல், நம் ஊர் 230 வோல்ட்டில் போட்டால் எரிந்துவிடும்’ என்று சொல்லி மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரையும் தலையில் கட்டினார். செங்கல் கனத்தில் இருந்த அதை வீட்டுக்குத் தூக்கிவந்த பிறகுதான் அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டேன். தட்டை முனைக்கு ஒரு பிளக் கன்வெர்ட்டர் போதுமாக இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் இப்போது எங்கள் வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் தடுத்துவைக்கப் பயன்படுகிறது.

எட்டு மாதத்தில் இடது ஜாய்-கானில் விரலால் அசைக்கும் ஸ்டிக் கெட்டது. விரல் படாமலேயே ஆட்டத்தில் வரும் கதாபாத்திரம் தானாக ஒரு பக்கம் நடந்து போகும். டிரிஃப்ட் என்று எல்லாரும் புலம்புவது இதைத்தான். வேறு நாடாக இருந்தால் நிறுவனத்துக்கு அனுப்பலாம். கடை வாரண்டி ஆறு மாதத்தோடு முடிந்திருந்ததால் நானே மாற்றினேன். புதிய ஸ்டிக் வாங்கும்போது ஹால் எஃபெக்ட் வகையைக் கேட்டு வாங்குங்கள். அது காந்தப்புலத்தை வைத்து நகர்வை அளப்பதால், பழைய வகையைப் போல உராய்ந்து தேய்வதில்லை. ஸ்விட்ச் 2-இல் நிறுவனமே இந்த வகை ஸ்டிக்கைப் போட்டிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், போடவில்லை.

ஆட்டங்களுக்கு ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நிண்டெண்டோவின் சொந்த ஆட்டங்கள் எத்தனை ஆண்டு ஆனாலும் விலை இறங்குவது அரிது. அதே காரணத்தால் கார்ட்ரிட்ஜாக (ஆட்டம் பதிந்த சிறு அட்டை) வாங்கினால் ஆடி முடித்தபின் நல்ல விலைக்கு விற்றுவிடலாம். சீனப் பதிப்பு நீங்கலாக எந்த நாட்டுக் கார்ட்ரிட்ஜும் எந்த நாட்டு ஸ்விட்சிலும் ஓடும் என்பதால் வாங்க ஆள் கிடைக்கும். டிஜிட்டலாக வாங்கினால் அந்தப் பணம் திரும்பாது; இந்தியாவுக்கென்று தனி ஈ-ஷாப் (நிண்டெண்டோவின் இணையக் கடை) இல்லாததால் வேறு நாட்டுக் கணக்கு தொடங்கி, அதே நாட்டின் ப்ரீபெய்டு கோடுகளை வாங்கித்தான் செலுத்தவேண்டியிருக்கும். ஸ்விட்ச் 2-க்கு வரும் சில கார்ட்ரிட்ஜுகளில் ஆட்டமே இருக்காது, பதிவிறக்கத்துக்கான சாவி மட்டும்தான் இருக்கும் என்பதையும், அதில் சேமிப்பிடத்தை அதிகப்படுத்தச் சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டு உதவாது, விலை கூடுதலான எக்ஸ்பிரஸ் வகைதான் வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பழையது வாங்கினால் பணம் கொடுக்கும் முன் அங்கேயே ஈ-ஷாப்பைத் திறந்து பாருங்கள். திருட்டுப் பிரதி ஓட்டியதற்காக நிண்டெண்டோ இணையச் சேவையிலிருந்து தடைசெய்த கருவிகளும் சந்தையில் உலவுகின்றன.

பச்சைப்பெட்டி:

இரண்டாவது கன்சோல் என்றதும் யாராவது மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் என்பார்களே என்று காத்திருந்தேன், ஒருவரும் சொல்லவில்லை. எக்ஸ்பாக்ஸ்காரனான நானே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பாக்ஸின் ஆட்டங்களான ஃபோர்ஸா ஹொரைசன் 5, இண்டியானா ஜோன்ஸ் இரண்டும் 2025 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5-க்கே வந்துவிட்டன. உங்களிடம் இருப்பதற்கு மேல் அது புதிதாகத் தருவது மிகக் குறைவு.

சிங்காநல்லூர்க்காரன்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. உடனே முடிவெடுக்காமல் இரண்டு வாரம் சோதித்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

ரிமோட் பிளேயை முதல் நாள் தொடங்கியதும் ஹாலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. பிளேஸ்டேஷன் விழித்த வேகத்தில் டிவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது. தொடரில் யாரோ யாரையோ அறையப் போகும் கட்டத்தில் திரையில் நான் ஆடும் ஆட்டத்தின் டிராகன் வந்து நின்றிருக்கிறது. அமைப்புகளில் எச்டிஎம்ஐ சாதன இணைப்பை அணைத்த பிறகே வீட்டில் அமைதி திரும்பியது. அதன் பிறகு லேன் கேபிளும் இழுத்தேன், ஓரளவு நன்றாகவே ஓடியது. ஆனால் கைபேசித் திரையில் எழுத்துகளைப் படிக்க என் கண்ணுக்குச் சிரமமாக இருந்தது. இரண்டாம் வாரம் மைத்துனரிடம் மானிட்டர் இரவல் வாங்கி அறையில் வைத்தேன். வழக்கமாக வாரத்தில் மூன்று மணி நேரம் ஆடுபவன் அந்த வாரம் ஒன்பது மணி நேரம் ஆடியிருக்கிறேன், ஓராண்டாகப் பாதியில் நின்ற ஆட்டம் ஒன்றும் முடிந்தது. எனவே என் பங்குக்கு மழைக்குருவி சொன்னதே சரி; மானிட்டர் சொந்தமாக வாங்கிவிட்டேன்.

மகளுடன் சாக்பாய் ஆடினேன். சிரித்தாள், இன்னொரு நாளும் கேட்டாள், இருந்தாலும் படுக்கப் போகும்போது ‘மரியோ கார்ட் எப்பப்பா?’ என்ற கேள்வி நிற்கவில்லை. அவளுக்கு வேண்டியது பெரியப்பா வீட்டில் அக்காவோடு ஆடியது. அதன் இடத்தில் வேறொன்றை வைத்து அவளை ஏமாற்ற முடியாது என்று புரிந்தது. இதை அண்ணனிடம் சொன்னபோது, அவர் தீபாவளிக்கு ஸ்விட்ச் 2 வாங்கப்போவதாகவும், தன்னுடைய பழைய ஸ்விட்சை மரியோ கார்ட் கார்ட்ரிட்ஜோடு 12,000 ரூபாய்க்குத் தருவதாகவும் சொன்னார். அண்ணனுக்குக் காசே வாங்க மனமில்லை; நான்தான் வற்புறுத்தினேன். ஈ-ஷாப் திறக்கிறது, பார்த்துவிட்டேன். இடது ஜாய்-கான் மட்டும் சில நேரம் தானாக மேலே நகர்கிறதாம். திருகாணி நண்பரே, அது பழுதா, செட்டிங்ஸில் அளவுதிருத்தினாலே சரியாகிவிடுவதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? திறப்பதற்கு என்ன கருவி வேண்டும்?

திருகாணி:

சிஸ்டம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர்களுக்கான பகுதிக்குப் போய், ஸ்டிக்கை அளவுதிருத்தும் இடத்தைத் திறந்து, ஸ்டிக்கை ஒருமுறை அழுத்துங்கள். திரையில் ஒரு வட்டம் தெரியும். விரலை எடுத்தபின் குறி நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு நழுவினால், முதலில் அங்கேயே அளவுதிருத்திப் பாருங்கள். இரண்டு நாளில் மறுபடியும் நழுவினால் ஸ்டிக்கை மாற்றவேண்டியதுதான். பின்பக்கம் உள்ள நான்கு திருகாணிகளும் மூன்று கால் உள்ள ஒய் வடிவத் தலை கொண்டவை. வீட்டில் இருக்கும் நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் தலை மழுங்கிவிடும். அந்த முனை பெரும்பாலும் புதிய ஸ்டிக்கோடு சேர்ந்தே வரும். மூடியைப் பிரிக்கும்போது ஒரேயடியாக இழுக்காமல் புத்தகம் திறப்பதுபோல மெல்லத் திறங்கள், இரண்டு பாதிகளையும் மெல்லிய ரிப்பன் கேபிள்கள் இணைத்திருக்கும். நான் முதன்முறை அதில் ஒன்றை அறுத்துவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.