மணல்பெட்டி மாதிரி: எந்த மணல்? அதையே தொட்டியில் இறக்கி சீஸ்மிக் எடுக்கலாமா?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. கோவையில் புவியியல் ஆய்வகத்துக்கு 80 × 30 செ.மீ. கண்ணாடிப் பெட்டி தயார். அதில் மணலை அடுக்கி, ஒரு சுவரை மோட்டாரால் தள்ளி திரஸ்ட் ஃபால்ட் (நெருக்கத்தில் ஒரு பக்கப் பாறை மறுபக்கத்தின் மேல் ஏறும் பிளவு) உருவாக்க வேண்டும். இங்கே எம்-சாண்ட்தான் சுலபமாகக் கிடைக்கிறது, சரிப்படுங்களா? உருவான மாதிரியை அப்படியே தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, அல்ட்ராசோனிக்கில் (கேளா ஒலியில்) சீஸ்மிக் பதிவும், அதாவது அடுக்குகளின் எதிரொலிப் பதிவும், எடுக்கலாமுங்களா?

சல்லடை:
எம்-சாண்ட் வேண்டாமுங்க. அதிலுள்ள கல்தூள் ஈரத்தை இழுத்து மணலை ஒட்ட வைக்கும். 1937-ல் அமெரிக்கப் புவி இயற்பியலாளர் ஹப்பர்ட் வகுத்த அளவுக் கணக்குப்படி, 1 கி.மீ.யை 1 செ.மீ. ஆக்கினால் பாறையின் 20 மெகாபாஸ்கல் ஒட்டுத்திறன் மணலில் 100 பாஸ்கல் அளவுக்கு இறங்க வேண்டும். ஈரமணல் அதைத் தாண்டிவிடும்.

நம்மூர் பவுண்டரிகளுக்கு வரும் ஏ.எஃப்.எஸ். (மணலின் நுண்மை எண்) 50–60 சிலிக்கா மணல் கேளுங்க, ஒரு மணல்மணி 0.2–0.3 மி.மீ. இருக்கும். புது மணலாகவே வேண்டும். வார்ப்புக்குப் போய்வந்ததில் பெண்டோனைட் களிமண்ணோ ரெசினோ ஒட்டியிருக்கும். 110 டிகிரியில் உலர்த்தி, ஒரே உயரத்திலிருந்து சல்லடையில் தூவுங்க. கொட்டினால் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறி, தளர்ந்த இடத்தில்தான் ஃபால்ட் முளைக்கும். மணல் வழுக்கி நகரும் தளத்துக்கு, அடியில் 5 மி.மீ. தடிமனுக்கு நுண்கண்ணாடி மணிகள் பரப்பினால் போதும். கண்ணாடியோரம் தெரிவதை நம்பாதீங்க, சுவர் உராய்வில் ஃபால்ட் வளைந்திருக்கும். தள்ளி முடித்ததும் லேசாக நனைத்து, நடுவில் வெட்டிப் பாருங்க.

எதிரொலி:
தொட்டிக்கு அந்த மணல் ஆகாதுங்க. துளைகளில் தங்கும் காற்று அலையை விழுங்கும், தண்ணீரில் மூழ்கடித்தால் மாதிரியே சரியும். வெட்டுமுகத்தை வரைந்தெடுத்து எபாக்ஸி, சிலிக்கான் ரப்பரில் தனியாக வார்த்தெடுங்க.

இங்கே அளவில் ஒரு சிக்கல் உண்டு. தொட்டியில் 1:10,000 வைத்தால் 500 கிலோஹெர்ட்ஸ் நிலத்தில் 50 ஹெர்ட்ஸ், 1 மி.மீ. என்பது 10 மீட்டர். மணல்பெட்டியோ 1:1,00,000. அதே அளவில் வார்த்தால் 500 கிலோஹெர்ட்ஸ் வெறும் 5 ஹெர்ட்ஸ் ஆகிவிடும், மெல்லிய அடுக்கு எதுவும் பிரியாது. அதனால் ஒரே ஒரு ஃபால்ட்டை மட்டும் பெரிதாக்கி வார்த்தெடுங்க.

எபாக்ஸியைக் கலந்ததும் வெற்றிடத்தில் வைத்துக் குமிழ் நீக்குங்க. மெல்ல மெல்ல அடுக்கடுக்காக ஊற்றணும். மொத்தமாக ஊற்றினால் சூடேறிச் சுருங்கி விரிசல் விடும். ஒவ்வொரு கலவையிலும் ஒரு சிறு கட்டி தனியே வார்த்து அதில் ஒலி போகும் வேகத்தை அளந்துகொள்ளுங்க. தண்ணீர் 1 டிகிரி மாறினாலே வேகம் வினாடிக்கு 3 மீட்டர் வரை நகரும். 10 மி.மீ. அகல டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பி வாங்கும் கருவி) நிலத்தில் 100 மீட்டர் அகல ஒலிமூலத்துக்குச் சமம். சரிந்த தளத்தின் எதிரொலி அதில் மங்கிவிடும். சின்னதாக வாங்குங்க.

சல்லடை:
பவானி, மோயாறு வெட்டு மண்டலங்களுக்கும் (ஷியர் ஸோன்) இதையே செய்ய நினைத்தால் ஒரு வார்த்தை. அவை ஆழத்தில் சூட்டில் இழுபட்ட பாறைகள், வெறும் மணல் பொருந்தாது. பாகுமை (விஸ்காசிட்டி) 10,000 பாஸ்கல்-வினாடி அளவிலுள்ள சிலிக்கான் பசை வேண்டும். அதில் தள்ளும் வேகமும் முக்கியம். வேகம் கூடினால் பசையின் எதிர்ப்பும் கூடும். மணலுக்கு அந்தக் கவலை இல்லை.