வண்டிதான் வீடு என்றால் ஊர் எப்படிப் பார்க்கிறது? கடலூர், புதுச்சேரி அனுபவங்கள்

பாகூர் விவசாயி:

தை பிறந்தால் எங்கள் பக்கம் அறுவடை மெஷின்கள் வந்து இறங்கிவிடும். பெரும்பாலும் சேலம், ஆத்தூர் பக்கத்து வண்டிகள். பெல்ட் மெஷினை ஏற்றி வரும் லாரிதான் அந்தப் பையன்களுக்கு வீடு. பின்னால் தார்ப்பாய் கட்டிப் படுக்கை, பக்கவாட்டுப் பெட்டிக்குள் அரிசி, பருப்பு, சின்ன கேஸ் அடுப்பு. இங்கே முடித்துவிட்டு குமராட்சி, காட்டுமன்னார்கோயில் என்று நெல் பழுத்திருக்கும் ஊராகப் பார்த்துப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

போன சீசனில் பக்கத்து ஊரில் ஒரு போர் மோட்டாரின் காப்பர் வயரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விடிந்ததும் ஊர் நேராகப் போனது அந்த லாரிக்குத்தான். பாத்திரங்களைக் கவிழ்த்தார்கள், படுக்கையை உதறினார்கள். ஒரு பையனின் சட்டையைப் பிடித்து இழுத்தவர், முந்தின நாள் அவனிடமே "தம்பி, நாளைக்கு என் வயலுக்கு வந்துடுப்பா" என்று கெஞ்சியவர். அந்த ராத்திரி முழுக்க அவர்கள் என் வயலில்தான் அறுத்துக்கொண்டிருந்தார்கள், நான் வரப்பிலேயே நின்றேன். அதைப் போய்ச் சொன்ன பிறகுதான் விட்டார்கள். அதையேதான் அந்தப் பையன்களும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள், யாரும் காதில் வாங்கவில்லை.

வீடு வாசல் உள்ளவனுக்கு அக்கம்பக்கத்தார் சாட்சிக்கு வருவார்கள். வண்டியில் இருக்கிறவனுக்கு யார் வருவது? எனக்கு இது மனதை அறுக்கிறது. உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். வண்டியிலேயே இருந்தவர்கள் எழுதினால் இன்னும் நல்லது.

ஆறு சக்கரம்:

நான் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் முக்கால்வாசி கேபினில்தான் தூக்கம். கடலூர் சிப்காட் பக்கம் லோடு கொண்டு வந்தால் சில கம்பெனிகளில் உடனே இறக்க மாட்டார்கள். கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்க வேண்டும், சில சமயம் மறுநாள்கூட ஆகிவிடும். உள்ளே கழிப்பறை இருக்கும், டிரைவருக்கு அனுமதி இல்லை. சரி, ரோட்டோரம் நிறுத்தித் தூங்கலாம் என்றால், "இங்கே பொம்பளைப் பிள்ளைங்க நடமாடுற இடம், வண்டியை எடு" என்று வருவார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை, எனக்கும் மகள் இருக்கிறாள். ஆனால் என்னை ஒரு வார்த்தை விசாரிக்காமலே நான் எப்படிப்பட்டவன் என்று முடிவு செய்துவிடுகிறார்களே, அதுதான் தாங்க முடியவில்லை.

இந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். அதற்குப் பிறகு நடந்த விழிப்புணர்வுப் பிரச்சாரங்களில் லாரி டிரைவர்களைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். எங்கள் உயிரைக் காப்பாற்றத்தான் செய்தார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் சுவர் விளம்பரம் அழிந்த பிறகும் அந்தப் பேச்சு மட்டும் அழியவில்லை. என் தம்பிக்குப் பெண் பார்த்தபோது, மாப்பிள்ளை டிரைவர் என்றதுமே ஒரு வீட்டில் காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

எத்தனை பேருக்குத் தெரியுமோ, மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று 1961-லேயே வந்தது. நாளுக்கு 8 மணி நேர வேலை, வாரத்துக்கு 48. ஒருநாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவில் தொடர்ந்து 9 மணி நேர ஓய்வு. இரவு தங்க வேண்டிய இடத்தில் ஓய்வறை. எல்லாம் அதில் இருந்தது, 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும் வரை. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருக்கும் முதலாளியிடம் ஓட்டும் எங்களுக்கு ஓய்வறை எது? கேபின்தான். அந்தக் கேபினில் படுத்தால்தான் ஊருக்குச் சந்தேகம்.

குறிஞ்சிப்பாடி கைலி:

எங்கள் ஊர்க் கைலியை ஆம்னி வேனில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கிறவன் நான். லாட்ஜுக்குக் கொடுத்தால் லாபம் போய்விடும். அதனால் பெட்ரோல் பங்க், கோயில் வாசல் என்று வெளிச்சம் உள்ள இடமாகப் பார்த்து வேனிலேயே படுப்பேன்.

2018 மே மாதம் நினைவிருக்கிறதா? வடநாட்டுக் கும்பல் பிள்ளைகளைப் பிடிக்க வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிய நேரம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த ஒரு குடும்பத்தை ஊரே சேர்ந்து அடித்தது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர்கள் செய்தது. வயதான ஒரு அம்மா செத்தே போனார். செய்தியை டீக்கடையில் படித்துவிட்டுத்தான் நான் அன்று கிளம்பினேன்.

ரெண்டு மூணு நாள் கழித்து ஒரு கிராமத்தில், விடியற்காலை கண் விழித்தால் வேனைச் சுற்றி ஆட்கள். கையில் கட்டை. கண்ணாடியை இறக்கச் சொன்னார்கள். மூட்டைக்குள் பிள்ளை இருக்கிறதா என்று தேடினார்கள். கைலிகள் எல்லாம் மண்ணில் விழுந்தன. நான் தமிழ்தான் பேசினேன், குறிஞ்சிப்பாடி என்றுதான் சொன்னேன், ஆதார் காட்டினேன். "ஆதாரெல்லாம் டூப்ளிகேட் கிடைக்குது" என்றான் ஒருவன். கூட்டத்தில் இருந்த ஒரு ஆயா, "அடேய், இவன்கிட்டதான் போன மாசம் நான் கைலி வாங்குனேன், இதோ கட்டியிருக்காரு பாரு என் புருஷன்" என்று சத்தம் போட்டார். அந்த ஆயா இல்லாவிட்டால் நான் இதை எழுத இருந்திருப்பேனா தெரியாது. பாகூர் அண்ணா கேட்ட சாட்சி எனக்கு ஒரு கைலி ரூபத்தில் வந்தது.

இப்போதும் குழந்தைகள் வேன் பக்கம் வந்தால் நான் இறங்கித் தள்ளிப் போய் நின்றுகொள்வேன். பிஸ்கட்கூடக் கொடுப்பதில்லை.

ராட்டினக்காரர் மகள்:

கைலி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் லாரியில் வளர்ந்தவள்.

அப்பா முதலில் கையால் சுற்றும் ராட்டினம் வைத்திருந்தார். அப்புறம் கடன் வாங்கி ஒரு கொலம்பஸ் (ஊஞ்சல் போல ஆடும் கப்பல்), குழந்தைகளுக்கு டிராகன் ரயில். தைப்பூசத்துக்கு வடலூர், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம், ஈஸ்டர் முடிந்தால் வில்லியனூர் மாதா கோயில், ஆடி ஐந்தாம் வெள்ளிக்கு வீராம்பட்டினம் தேர், அங்கிருந்து வேளாங்கண்ணி. ஐப்பசி மழை தொடங்கினால் வேலை இருக்காது, விருத்தாசலம் பக்கத்தில் சொந்தக்காரர் நிலத்தில் லாரியை நிறுத்திக்கொள்வோம். இதுதான் எங்கள் வருஷம்.

சாயங்காலம் ஆறு மணி ஆனால் ஊரே எங்களைத் தேடி வரும். "அண்ணே, இன்னொரு ரவுண்டு" என்று அப்பாவிடம் சின்னப் பிள்ளைகள் கெஞ்சும். காலையில் அதே ஊரில் நான் குடம் எடுத்துக்கொண்டு போனால் குழாயை மூடிவிடுவார்கள். கொடியில் காய்ந்த சட்டை காணோம் என்றால் எங்கள் லாரிக்குத்தான் முதலில் வருவார்கள். ஒருமுறை ஒரு அம்மா என் தங்கை போட்டிருந்த கொலுசைப் பார்த்து, "இது எங்க வீட்டுது மாதிரி இருக்கே" என்றார். அம்மா எதுவும் பேசாமல் பெட்டியைத் திறந்து நகைக்கடை ரசீதை எடுத்துக் காட்டினார். பிள்ளைகளின் வெள்ளிக் கொலுசுக்கு ரசீது பத்திரப்படுத்தி வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை இருக்கும்? அம்மாவுக்கு அது தேவை என்று தெரிந்திருந்தது.

கடைபோடும் ஊரில் எல்லாம் போலீஸில் எங்கள் ஆட்களின் பெயர், போட்டோ, ஆதார் நகல் கேட்பார்கள். பாதுகாப்புக்குக் கேட்பது சரிதான், கொடுப்போம். ஆனால் எங்கள் பெண்களிடம் யாராவது தவறாக நடந்தால் புகார் கொடுக்கப் போகும்போது மட்டும், "நீங்க நாளைக்கு வேற ஊருக்குப் போயிடுவீங்க, கேஸ் எதுக்கு" என்பார்கள். ஒரு ஊரில் அப்படிச் சொல்லித்தான் எங்கள் சித்தியைத் திருப்பி அனுப்பினார்கள்.

கழிப்பறை விஷயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. விடிவதற்கு முன் போக வேண்டும், இருட்டிய பிறகு போக வேண்டும். நடுவில் தண்ணீர் குடிக்க மாட்டோம். "இவங்க சுத்தமா இருக்க மாட்டாங்க" என்று சொல்பவர்கள் குழாயை மூடியவர்கள்தான். "ஜாலியான வாழ்க்கை, தினம் ஒரு ஊர்" என்று சொல்பவர்களும் உண்டு. வீராம்பட்டினத்தில் ஒரு மீனவர் வீட்டில் மட்டும் எனக்குப் பத்து வயதிருக்கும்போதிலிருந்தே பின்கட்டுக் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். "தேர் முடியுற வரைக்கும் நம்ம வீட்டுப் பாத்ரூமுக்கு வந்துடு பாப்பா" என்பார் அந்த அத்தை. என் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதினார்கள்.

நான் இப்போது முதலியார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். தம்பி குடும்பம் இன்னும் லாரியில்தான். அவன் மகனைப் பள்ளியில் சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது. "நடுவுல டி.சி. இல்லாம வந்தா எப்படி, நீங்க நிலையா இருந்துட்டு வாங்க" என்கிறார்கள்.

வெள்ளை டிராவலர்:

நானும் என் மனைவியும் புதுச்சேரி. ஒரு பழைய டிராவலர் வேனை வாங்கி உள்ளே கட்டில், அடுப்பு, சோலார் வைத்துக்கொண்டோம். (செய்ய நினைப்பவர்கள் கவனிக்க: மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, ஆர்.டி.ஓ. ஒப்புதல் பற்றி முதலில் விசாரித்துவிடுங்கள்.) வீட்டில் இருந்தே வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் வேலை என்பதால் மாதக்கணக்கில் அதிலேயே இருந்தோம். ராட்டினக்காரர் மகள் எழுதியதோடு எங்கள் அனுபவத்தை ஒப்பிடவே முடியாது, எங்களுக்கு வேண்டாம் என்றால் திரும்பிப் போக வீடு இருந்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பீச் ரோட்டில் மாலையானால் வண்டி விட மாட்டார்கள். அதனால் கோட்டக்குப்பம் பக்கம் செரினிட்டி கடற்கரைக்கு அருகில் நிறுத்துவோம். முதல் நாட்களில் வருகிறவர்கள் எல்லாம் செல்ஃபி எடுத்தார்கள். "சூப்பர் சார், இப்படித்தான் வாழணும்" என்றார்கள். எங்களுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு வெளிநாட்டுக்காரர் வேனுக்கும் அதே மரியாதை. அப்புறம் ஒருநாள் என் மனைவி இரண்டு மரங்களுக்கு நடுவில் கயிறு கட்டித் துணி காயப்போட்டார். நைட்டி, துண்டு, என் பனியன். அன்று மதியமே ஒருவர் பைக்கில் வந்தார். "எந்த ஊரு? எத்தனை நாளா இங்க இருக்கீங்க? யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" முந்தின வாரம் அவரே தன் பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்துப் படம் எடுத்தவர். கொடி கட்டும் வரை நாங்கள் சுற்றுலாப் பயணிகள். அதன் பிறகு வீடில்லாதவர்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் வேறு எதுவும் மாறவில்லை.

நாங்கள் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசினோம், அவர் போய்விட்டார். அறுவடை மெஷின் பையனுக்கு அந்த வழி இல்லை.

பழைய பேப்பர்:

சுருக்கமாக ஒன்று. ஊர் ஊராகப் போகிறவனைத் திருடன் என்று நினைப்பதை வெள்ளைக்காரன் சட்டமாகவே எழுதி வைத்தான். குற்றப் பழங்குடிகள் சட்டம், 1871. சென்னை மாகாணத்துக்கு 1911-ல் வந்தது. நம் பக்கம் கைரேகைச் சட்டம் என்பார்கள். எந்தக் குற்றமும் செய்யாமலே, பிறந்த சாதிக்காகக் காவல் நிலையத்தில் ரேகை வைக்க வேண்டும், ஊரை விட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும். 1952-ல்தான் முழுதாக நீக்கப்பட்டது. வயர் காணோம் என்றதும் லாரியை நோக்கிப் போகும் கால்கள் இன்னும் அந்தச் சட்டத்தின்படிதான் நடக்கின்றன.

கூத்தப்பாக்கம் டீச்சர்:

ராட்டினக்காரர் மகளுக்கு: இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 5 பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு அரசுப் பள்ளிக்கு, எந்தக் காரணத்துக்காகவும், மாநிலத்துக்கு உள்ளேயோ வெளியேயோ மாறக் குழந்தைக்கு உரிமை உண்டு. டி.சி. வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது, அது பிரிவு 14. பையன் கடைசியாகத் தமிழ்நாட்டில் படித்திருந்தால் அவனுக்கு எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) இருக்கும், பழைய பள்ளிக்கு போன் செய்தே வாங்கிவிடலாம்.

எங்கள் பள்ளியில் இப்படி வந்த பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறோம். சர்க்கஸ் கூடாரத்துப் பெண் ஒருத்தி, எங்கள் வகுப்பிலேயே யாருக்கும் தெரியாத அளவுக்கு ஊர்களின் பெயர், தூரம், ஆறு எல்லாம் வரிசையாகச் சொன்னாள். மற்ற பெற்றோர் சிலர், "எங்க பிள்ளை பக்கத்துல உட்கார வைக்காதீங்க" என்று வந்தார்கள். உட்கார வைத்தோம்.

ராட்டினக்காரர் மகள்:

ரொம்ப நன்றி டீச்சர். தம்பி இந்த வாரம் கடலூர்ப் பக்கம்தான் வருகிறான், பையனுக்கு மூன்றாம் வகுப்பு. உங்கள் பள்ளிக்கே கூட்டி வரலாமா?

கூத்தப்பாக்கம் டீச்சர்:

வாருங்கள் அம்மா. காலை பிரேயருக்கு முன்பே வந்துவிடுங்கள், தலைமையாசிரியர் இருப்பார். ஆதார் இருந்தால் ஒரு நகல், பழைய பள்ளியின் பெயர், எமிஸ் எண் கிடைத்தால் அது. எதுவும் இல்லை என்றாலும் பையனைக் கூட்டி வாருங்கள். புத்தகம், சீருடை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மதியச் சாப்பாடு அன்றைக்கே உண்டு.