உணவுப் பட்டியல் அம்மாவுக்குப் புரியவில்லை. எப்படி விளங்க வைப்பது?

கேள்வி:
வணக்கம். சங்கரன்கோவிலுக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கும் என் அம்மாவுக்கு வயது 61. ஒன்பது ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தமிழை நன்றாக வாசிப்பார். சென்ற மாதப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 128 என்று வந்ததால் மகிழ்ந்தோம். ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.6 சதவீதம் என்று கூடுதலாக இருந்தது. மருத்துவமனையில் தந்த உணவுப் பட்டியல் முழுவதும் ஆங்கிலம். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், 'மாவுச்சத்து 180 கிராம்' என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அம்மா அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டார் சொன்னபடி சோற்றை விட்டுக் கேழ்வரகுக் களிக்கும், சீனியை விட்டுக் கருப்பட்டிக்கும் மாறிவிட்டார். அவருக்கு இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

மறுமொழி 1:
உணவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். உங்கள் அம்மா நோயை அலட்சியம் செய்யவில்லை. தமக்குப் புரிந்த அறிவுரையைப் பின்பற்றியிருக்கிறார். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் இரத்தத்தில் சேரும்போது சீனியைப் போலவே அளவை உயர்த்தும். கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அரிசியைவிட மிகுதி என்பது உண்மைதான்; ஆயினும் 100 கிராம் கேழ்வரகில் 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. அதை நைசாக அரைத்துக் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை விரைவாகவே ஏறும். ஆகவே எந்தத் தானியம் என்பதைவிட எவ்வளவு என்பதையே முதலில் பேச வேண்டும். கிராம் கணக்கை விட்டுவிடுங்கள். அவர் அன்றாடம் சாப்பிடும் தட்டையே எடுத்து வைத்து, பாதித் தட்டில் கீரையோ அவரைக்காய், புடலங்காய் போன்ற காய்களோ, கால் பங்கில் பயறு, முட்டை, மீன் இவற்றில் ஒன்று, எஞ்சிய கால் பங்கில் மட்டும் சோறோ களியோ என்று அவர் கையாலேயே பரிமாறச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் காய்க்கணக்கில் வாரா. அவற்றைச் சோற்றின் பங்கில் சேர்க்க வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்.

மறுமொழி 2:
நான் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் களப்பணியாற்றும் பெண். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அத்திட்டம் தொடங்கிய பிறகு, மாத்திரையை வீடு வரை கொண்டு சேர்ப்பது எளிதாகியிருக்கிறது. அதை எதற்காக, எப்போது உண்பது என்பதை மனத்தில் சேர்ப்பதுதான் இன்னும் கடினம். 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லோரும் 'புரிந்தது' என்றே தலையாட்டுவார்கள். அதனால் நான் அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டு, 'நான் சொன்னதை உங்கள் மருமகளிடம் எப்படிச் சொல்வீர்கள், சொல்லிக் காட்டுங்கள்' என்று கேட்கிறேன். பிழை அங்கே வெளிப்பட்டுவிடும். விரத நாள்களைப் பற்றியும் கேளுங்கள். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையை விழுங்கிவிட்டு உணவைத் தவிர்த்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். அப்போது மட்டும் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் புகட்டக் கூடாது.

மறுமொழி 3:
எனக்கும் பதினோராண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. குளுக்கோமீட்டர் இருந்தால், களி உண்பதற்கு முன்பும் உண்டு இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து, இரண்டு எண்ணையும் நாட்காட்டியில் அந்தத் தேதியிலேயே எழுதச் சொல்லுங்கள். தம் கண்ணால் கண்ட எண்ணை அவர் நம்புவார்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நேற்று ஊருக்குச் சென்று, மாத்திரையை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அம்மாவையே சொல்லிக் காட்டச் சொன்னேன். 'சர்க்கரை கூடினால் தலை சுற்றும், அன்றைக்குப் போடுவேன். மற்ற நாள்களில் களி குடிப்பதால் தேவையில்லை' என்றார். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள்கள் மட்டும் ஒழுங்காக மாத்திரை போட்டு, இரவு உணவையும் குறைத்துக்கொள்வாராம். வெறும் வயிற்று அளவு ஏன் நன்றாக இருந்தது என்பது இப்போதுதான் விளங்குகிறது. ஒன்பது ஆண்டுகளில் ஒரு நாளும் நான் இதைக் கேட்டதில்லை. சோற்றைக் குறைக்கச் சொல்லி மட்டுமே சண்டையிட்டிருக்கிறேன். பிரிக்காமல் எஞ்சிய மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை அவருடன் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். விட்டுப்போன மாத்திரைகளை மீண்டும் எந்த அளவில் தொடங்குவது என்பதை மருத்துவரிடமே கேட்டுத் தமிழில் எழுதி வாங்கி வருவேன்.