தர்மபுரியில் எல்.கே.ஜி. சேர்க்கை: 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்கலாமா, பணம் கட்டியே சேர்க்கலாமா?

பென்னாகரம்_ரோடு கேட்டது:

வணக்கமுங்க. பையன் 2022 நவம்பரில் பிறந்தவன், 2026 ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கணும். குடியிருப்பு தர்மபுரி டவுனில் வாடகை வீடு. ஆதார், ரேஷன் கார்டு ரெண்டும் கிராமத்து முகவரியில் இருக்கு. எம்.பி.சி. பிரிவு. வருமானச் சான்று இன்னும் வாங்கலை. பிறப்புச் சான்றில் பையன் பேரே ஏறலை, "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கு.

ஆர்.டி.இ.யில் (கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஒதுக்கும் 25 சதவீத இடம்) போட்டால் கிடைக்குமா? எந்தெந்த காகிதத்தை முதலில் எடுக்கணும்? குழந்தைக்கும் பெற்றோருக்கும் இன்டர்வியூ உண்டு என்று ஒரு பள்ளியில் சொல்கிறார்கள், அது சரியா?

தகடூரான்:

முதல்ல வருமானச் சான்றுக்கு ஓடாதீங்க. இங்கே பாதிப் பேர் செய்யும் தப்பே அதுதான். ஆர்.டி.இ.யில் இரண்டு பிரிவு இருக்கு. நலிவடைந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்கணும், அதுக்குத்தான் வருமானச் சான்று. வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. எல்லாம் வந்துவிடும். அதுக்கு சாதிச் சான்று போதும், வருமான வரம்பு கிடையாது. எம்.பி.சி.யாக இருந்துகொண்டு விண்ணப்பத்தில் "நலிவடைந்த" என்பதை அழுத்திவிட்டு, வருமானச் சான்று இல்லாமல் தள்ளுபடி ஆனவர்கள் நிறைய.

வயது சரியாக இருக்கு. 2024-25க்கு எல்.கே.ஜி. வரம்பு 1.8.2020 முதல் 31.7.2021 வரை. அதே கணக்கில் 2026-27க்கு 1.8.2022 முதல் 31.7.2023 வரை வரும். நவம்பர் 2022 உள்ளே வருது.

காகிதத்தில் பிறப்புச் சான்றுதான் முதல் வேலை. பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்திலேயே பேர் சேர்க்கணும்: நகராட்சி, பேரூராட்சி, கிராமம் என்று எங்கே பதிவாகியிருக்கோ அங்கே. பதிவான 12 மாதத்துக்குள் இலவசம், அதுக்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பேரை எழுதிக் கொடுக்கும் முன் இனிஷியலை வீட்டில் முடிவு பண்ணிக்குங்க. ஒரு தடவை ஏறிய பேரைத் திருத்துவது பேர் சேர்ப்பதை விடப் பெரிய பாடு. பையனின் ஆதார், சாதிச் சான்று எல்லாம் அந்த எழுத்தையே பின்பற்றணும்.

சாதிச் சான்று இ-சேவை மையத்தில், கட்டணம் 60 ரூபாய். அப்பா அல்லது அம்மாவின் சாதிச் சான்று, ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, போட்டோ கொண்டு போங்க. வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பார்த்து தாலுகா அலுவலகத்தில் கையெழுத்தாகும். ஏப்ரலில் கூட்டம் குவியும், ஜனவரியிலேயே போட்டுடுங்க. நிரந்தர முகவரி எந்தத் தாலுகாவோ அதைத்தான் தேர்வு செய்யணும். டவுனில் குடியிருக்கிறோம் என்று தர்மபுரி தாலுகாவை அழுத்தினால், வி.ஏ.ஓ. "இந்த ஊர் ஆள் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அரூர்க்காரன்:

மேலே சொன்னதோடு ஒண்ணு சேர்த்துக்குங்க. எஸ்.டி. பிரிவினர், நம்ம பக்கம் குருமன்ஸ், சித்தேரி மலை மக்கள், சான்றுக்கு வட்டாட்சியரோடு முடியாது, கோட்டாட்சியர் வரை போகணும். விசாரணை இழுக்கும். அவர்கள் ஆறு மாதம் முன்னாடியே தொடங்கணும்.

முகவரிதான் உங்க பெரிய சிக்கல். ஆர்.டி.இ.யில் வீட்டிலிருந்து பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆதார் கிராமத்தில், வீடு டவுனில் என்றால் டவுன் பள்ளி எதுவும் உங்களுக்கு எட்டாது. இப்பவே ஆதார் முகவரியை மாற்றுங்க. கார்டு கையில் வருவதற்கும் விண்ணப்பம் திறப்பதற்கும் நடுவில் இடைவெளி இருக்கட்டும். விண்ணப்பத்தில் வரைபடம் திறந்து வீட்டைக் குறிக்கச் சொல்லும். மையத்தில் இருப்பவர் அவசரத்தில் பஸ் ஸ்டாண்டைக் குத்திவிட்டுப் போய்விடுவார், பக்கத்தில் நின்று உங்க தெருவையே குறிக்கச் சொல்லுங்க. ஓ.டி.பி. வரும் எண் உங்க கையிலுள்ள போனாக இருக்கணும், மையத்துக்காரர் எண் வேண்டாம். தேர்வான குறுஞ்செய்தி அவருக்குப் போய், நீங்க தெரியாமல் இருந்துவிடுவீங்க.

5 பள்ளி வரை தேர்வு செய்யலாம், ஐந்தையும் நிரப்புங்க. எல்.கே.ஜி.யில் 40 இடம் என்றால் 10 இடம்தான் இதில் வரும். விண்ணப்பம் மிஞ்சினால் பள்ளியிலேயே குலுக்கல். ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் குலுக்கலுக்கு முன்னாடியே இடம். சிறுபான்மை நிறுவனங்கள் இந்தச் சட்டத்துக்கு வெளியே, அதனால் கிறிஸ்தவப் பள்ளிகளைத் தேடி ஏமாற வேண்டாம்.

ஓசூர்_ரோஜா:

இன்டர்வியூ தப்பு. கல்வி உரிமைச் சட்டம் 13ஆவது பிரிவில் குழந்தையையும் பெற்றோரையும் சோதித்துச் சேர்ப்பதே கூடாது. முதல் முறை 25,000 ரூபாய், அடுத்தடுத்த முறை 50,000 ரூபாய் அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையின் பத்து மடங்கு வரை. சிறுபான்மைப் பள்ளிகள் தவிர மற்ற எல்லாப் பள்ளிக்கும் இது பொருந்தும், 25 சதவீத இடத்துக்கு மட்டும் இல்லை. ஆனா வாசலில் சண்டை போட்டுப் பயன் இல்லை. "சும்மா பேசுகிறோம்" என்பார்கள். எழுத்தில் கேட்டால்தான் ஒதுங்குவார்கள்.

இன்னொரு விஷயம், 2025-26இல் மத்திய நிதி வராததால் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்துவிட்டது. ஏற்கெனவே பள்ளியில் சேர்ந்திருந்த பிள்ளைகளிலிருந்து தேர்வு செய்து, கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள். அதனால் ஏப்ரலில் விண்ணப்பம் திறக்கும் என்று மட்டும் நம்பி உட்கார வேண்டாம். ஒரு பள்ளியில் முதல் தவணை மட்டும் கட்டிச் சேர்த்துவிட்டு, ரசீதை பத்திரமாக வையுங்க. ரசீது பள்ளியின் அச்சுத் தாளில், கல்விக் கட்டணம், புத்தகம், வேன் என்று பிரித்து இருக்கணும். துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை எழுதிக் கொடுத்தால் எதையும் திரும்பக் கேட்க முடியாது. கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு என்ன தொகை விதித்திருக்கிறது என்று குழுவின் தளத்தில் மாவட்டவாரியாகப் பார்க்கலாம். அலுவலக அறையில் ஒட்டியிருக்கவும் வேண்டும்.

ஆர்.டி.இ.யில் கிடைத்தாலும் எல்லாமே இலவசம் என்று நினைக்காதீங்க. பள்ளிகள் வேன், சீருடை, நோட்டுக்குப் பணம் கேட்கத்தான் செய்கிறார்கள். சேரும் முன்னே கேட்டு எழுதி வாங்குங்க.

ஓசூர், தளி பக்கம் இருந்து நாளைக்கு பெங்களூருக்கு மாறும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. இங்கே 5 வயதில் ஒன்றாம் வகுப்பு. கர்நாடகத்தில் 6 வயது நிறையணும் என்பது விதி, 2025-26க்கு மட்டும் 5 வருடம் 5 மாதமாகத் தளர்த்தினார்கள். இங்கே யு.கே.ஜி. முடித்த பிள்ளையை அங்கே வயது காட்டி மறுபடி உட்கார வைப்பார்கள்.

பென்னாகரம்_ரோடு:

ரொம்ப நன்றிங்க. 25 சதவீத இடம் எத்தனாவது வரைக்கும்? அதுக்கப்புறம் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீடு போயிடுமா?

தகடூரான்:

8ஆம் வகுப்பு வரைதான். ஒன்பதாவதில் அதே பள்ளியில் இருந்தால் முழுக் கட்டணம் உங்க கைக்காசு.

7.5 சதவீதத்துக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்பது பொது விதி. ஆனா ஆர்.டி.இ. இடத்தில் 8 வரை தனியாரில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் தகுதி உடையவர்களே. பெண் பிள்ளை என்றால் கல்லூரியில் படிக்கும்போது புதுமைப்பெண் திட்டத்தில் வரும் மாதம் 1,000 ரூபாய்க்கும் இதே கணக்கு. பணம் கட்டி தனியாரில் படித்த பிள்ளைக்கு இது கிடையாது. அதனால் ஆர்.டி.இ. சேர்க்கை உத்தரவின் நகலை லேமினேட் போட்டு வையுங்க. 14 வருடம் கழித்து கலந்தாய்வில் அந்தக் காகிதத்தைக் கேட்பார்கள், பள்ளியில் அன்றைக்குத் தேடினால் கிடைக்காது.